அண்ணனின் தாகம்

அன்புள்ள ஜீவராணிக்கு,

கத்தார் முழுவதற்கும் சோறு வடிக்கும் மகாராசன், உன் புருஷன் எழுதுவது. நீயும் அண்ணனும் சுகமா?

போன வாரம் ஒரு அண்டா தண்ணீர் குடித்தும் எனக்குத் தாகம் தீரவில்லை. சொன்னவுடன் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சீனி வருத்தமாம், ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டதாம். மாத்திரை தந்தார்கள், பயப்படாதே.

அண்ணனும் இப்படிக் குடிக்கிறார், பாயை நனைக்கிறார் என்று நீ சொன்னபோது, "அவரு கொழந்த மாதிரி புள்ள, சீதாவக்க கங்கையவே குடிச்சிட்டுத்தான் படுப்பாரு" என்று சிரித்தேன். ஐம்பத்தாறு வயது மனிதருக்கு நோய் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குச் சொல்ல வாய் இருந்தது, அவருக்கு இல்லை. இதைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

இது கிடைத்த மறுநாளே தெரணியகலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார். என்னை வேலைக்கு ஏற்றிப்போக வேன் வந்துவிட்டது, இன்னும் ஒன்று மட்டும். ஊசி என்றால் மிரளுவார். தம்பிக்கும் குத்தினார்கள் என்று சொல், விரலை நீட்டுவார்.

சுரேந்திரன்