குட்டைக்கொம்பர்களுக்கு முகம்

செவ்வாய், நவ. 18

காலையிலிருந்து தூறல். துவைத்த யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு டிப்போவுக்கு. மூன்று பஸ்ஸுக்கு வைப்பர் மாற்றினேன்.

பூந்தமல்லியிலிருந்து ரஃபீக் போன். கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம். வருகிற திங்கள். சர்க்கரையில் இடது கண் போன வருடமே போய்விட்டது. இப்போது வலது கண்ணுக்குள்ளும் ரத்தக் கசிவு. பார்வை திரும்புமா என்றால் டாக்டர் பாதிக்குப் பாதி என்கிறாராம். ரஃபீக் பிளவுஸில் ஆரி வேலை செய்கிறவன். ஊசி முனையில் பிழைக்கிறவனிடம் சொல்கிற பதிலா இது?

அழுவான் என்று பயந்தேன். அவன் கேட்டது வேறு.

"ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம் போட்லாம் மச்சான். ஒன் குட்டக்கொம்பனுங்களுக்கு மூஞ்சி வரைஞ்சி எட்த்துகினு வா. பதினோரு வருசமா மொட்டையா கீறானுங்க. ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். மேஜை மேல் நாங்கள் ஆடும் பொம்மைப் போர் ஆட்டத்தில் என் படையின் கடைநிலைச் சிப்பாய்கள், இருபத்து நாலு உருப்படி. ஐந்து நாள். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

புதன், 19

மழை. லாஃப்டிலிருந்து பெட்டியை இறக்கினேன். கரப்பான் ஒன்று, பொம்மைகள் இருபத்து நாலு.

கட்டைவிரல் உயரம்தான். பாதி ஆடு, பாதி ஆள், கையில் ஓட்டை வேல். என் படையில் பெரிய வீரர்களான பெருங்கொம்பர்களுக்கு எல்லாம் எப்போதோ வண்ணம் அடித்தாகிவிட்டது, கோடரியின் துரு வரைக்கும். குட்டைக்கொம்பர்கள் மட்டும் வாங்கிய நாள் போலவே சாம்பல் பிளாஸ்டிக். முதல் சுற்றிலேயே சாகிறவர்கள்தானே என்கிற அலட்சியம். ரஃபீக்கின் குதிரை வீரர்கள் வந்து மோதினால் ஒரு கை அள்ளி ஓரமாக வைக்க வேண்டியதுதான். விதிப் புத்தகத்திலேயே ஒரு வரி உண்டு: குட்டைக்கொம்பர் சிதறி ஓடினால் மற்ற படைகள் கலங்குவதில்லை. சொந்தக் கூட்டமே மதிக்காத ஜென்மங்கள். நானும் மதிக்கவில்லை.

இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன்.

தோல் – முடிந்தது
மயிர் – பாதி
கொம்பு, குளம்பு – நாளை
கண் – கடைசியில். கை நடுங்காத நேரமாகப் பார்த்து

சுமதி காபி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "பொண்டாட்டி மூஞ்ச பாக்க நேரமில்ல, ஆட்டு மூஞ்சிக்கு மேக்கப்பு." நான் விஷயத்தைச் சொன்னதும் போய் டேபிள் லைட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

வியாழன், 20

மழை விடவில்லை. டிப்போ டீக்கடையில்: "காத்தழுத்தமாம் மாமே, ஞாயிறு வரிக்கும் இப்டிதானாம்."

கண்கள் முடிந்தன. நாற்பத்தெட்டு. மஞ்சள், நடுவில் ஊசியால் ஒரு கறுப்புப் புள்ளி. ஒருவன் திருட்டு முழி. ஒருவன் அப்படியே எங்கள் டைம்கீப்பர். ஒருவனுக்குப் பயம், வேல்கம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். பதினோரு வருடம் இவனை எத்தனை முறை ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது.

ரஃபீக்குக்கு போட்டோ அனுப்பவில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளி, 21

நான் ஒரு மடையன். முட்டாள். கழுதை.

வண்ணம் உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். மழை நாளில் அடிக்கக் கூடாது, ஈரம் உள்ளே மாட்டி வெளுத்துவிடும். இந்த ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் இதைப் பாடம் எடுப்பவன் நான்தான். நாளை டபுள் ட்யூட்டி, இன்றே முடித்துவிடலாம் என்று பால்கனியில் வரிசையாக நிறுத்தி அடித்தேன். பத்து நிமிடம். கண் எதிரிலேயே வெளுத்தன. இருபத்து நாலு பேர் மேலும் மாவு படிந்த மாதிரி. கண் இல்லை, வாய் இல்லை, ஒன்றும் இல்லை.

பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுமதி: "எந்திரியா. இன்னா பண்லாம்னு பாரு." அழுகை வந்தது. ஆமாம், பொம்மைக்காகத்தான். இல்லை, பொம்மைக்காக இல்லை.

சனி, 22

டபுள் ட்யூட்டி. நடுவில் கிடைத்த சாப்பாட்டு நேரத்தில் லாக்கர் ரூமில் உட்கார்ந்து, பிரஷ்ஷில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக. எண்ணெய் ஊற ஊற வெள்ளை மறைகிறது. ஆனால் ஒரு பொம்மைக்குக் கால் மணி நேரம். ஐந்து பேர் தேறினார்கள். பயந்தாங்கொள்ளி தேறவில்லை.

ஒருத்தர் கேட்டார்: "இன்னா நைனா, பொம்மைக்கு எண்ண தேச்சிகினு கீறே, தீபாவளி முட்ஞ்சி போச்சே?" வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்பதால் அடுத்த பொம்மையை எடுத்தேன்.

ஐந்து கண்ணாடி மாதிரி. பத்தொன்பது வெள்ளை. நாளை என்ன முகத்தோடு போவேன்?

ஞாயிறு, 23

மழை. பூந்தமல்லி. ரஃபீக்கின் கடை. துணி வெட்டும் மேஜைதான் எங்கள் போர்க்களம். சாக்பீஸில் ஆறும் காடும் போட்டு வைத்திருந்தான். தூரம் அளக்க அவனுடைய இன்ச் டேப். எல்லாம் வழக்கம்போல.

பெட்டியைத் திறக்கும் முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் பத்து முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்குள் அவனே மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துவிட்டான். பயந்தாங்கொள்ளி. சுண்ணாம்பு வெள்ளை. முகத்துக்கு மிக அருகே பிடித்தான்.

"அடடா. கண்ணு இன்னாமா வரைஞ்சிருக்க மச்சான்! சும்மா தெறிக்குது."

அதில் கண்ணே தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

அவன் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் கொம்பைத் தடவி, சூப்பர், சூப்பர் என்று சொல்லிக்கொண்டே போனான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்வை இவ்வளவு இறங்கும் என்று அவனும் நினைத்திருக்கமாட்டான். தெளிவாக இருந்த ஐந்தையும் அதே குரலில்தான் பாராட்டினான்.

ஆட்டம். டைஸை உருட்டிவிட்டு, "இன்னா வுய்ந்துச்சு, படி" என்றான். கண்ணாடி போட மறந்துவிட்டானாம். படித்தேன். நாலு. ரெண்டு. ஆறு. என் படை வழக்கம்போலச் சரிந்தது. கடைசியில் பயந்தாங்கொள்ளியும் இன்னும் இரண்டு பேரும்தான். அவனுடைய தளபதி குதிரையில் பாய்ந்தான். நாலுக்கு மேல் விழுந்தால் ஆட்டம் அவனுக்கு.

உருட்டினான். ஒன்று.

"அஞ்சு. ஜெயிச்சிட்ட" என்றேன்.

அவன் கை மேஜை மேல் ஊர்ந்து டைஸைக் கண்டுபிடித்தது. மேல் பக்கத்தை விரலால் தடவினான்.

"குழி ஒண்ணுதான் மச்சான் கீது. எதுக்கு பொய் சொல்ற? ஒன் பசங்க நிக்கட்டும்."

நான் உடைந்துபோனேன். மழை, வார்னிஷ், எண்ணெய் எல்லாவற்றையும் கொட்டினேன். கடை ஷட்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு தெருவே வெள்ளையாதான்டா கீது. ஒன் பொம்மைய மட்டும் இன்னானு கண்டுபுடிப்பேன்? நல்லால்லனு சொன்னா நீ வருத்தப்படுவியேனு சொன்னேன்." அப்புறம், "பயமா கீதுடா" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது: "கட்டு பிரிக்கிற அன்னிக்கு அந்த பயந்தவன கொண்டா. கண்ணு எந்த கலர்னு நானே சொல்றேன். நீ வாய தொறக்காத."

பயந்தவன் என்று நான் சொல்லவேயில்லை. கையால் தெரிந்துகொண்டிருக்கிறான்.

திங்கள், 24

காலை 5.40. மழை இல்லை. ரஃபீக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போக லீவு சொல்லியாகிவிட்டது. சட்டைப் பையில் பயந்தாங்கொள்ளி, பிளாஸ்டிக் கவரில் எண்ணெயோடு. பொம்மைக்கு இடது கண் வந்துவிட்டது. வலது இன்னும் இல்லை. பஸ் வருகிறது.