பச்சை வண்டியின் பின் கைகள்

அன்பு மகளுக்கு,

நீ நலமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடுகிறது, சாப்பிடுகிறோம், படுக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. மகளே என்று எழுதியதற்கு நீ புருவத்தைத் தூக்குவாய், நமக்குள் அக்கா தங்கை வயதுதான், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதால் சித்தியானவள் நான், இருக்கட்டும், இன்றைக்கு அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் பச்சை வண்டியை, அப்பா புதுப்பித்துக் கொடுத்த அந்தப் பழைய காரை, எடுக்காதே என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். "அப்பா கை பட்ட வண்டியில குத்தம் கண்டுபிடிக்க உங்களாலதான் சித்தி முடியும்" என்றாய், அப்பாகிட்ட குடுங்க என்றாய். அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். போனை நீட்டினேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார். நீ அதற்குள் வைத்துவிட்டாய். மறுநாளிலிருந்து நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம், கூடவே துணியில் சுற்றிய ஓர் இரும்புத் துண்டு. கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரி.

பல் டாக்டரம்மாவை உனக்குத் தெரியும், வெள்ளை வண்டிக்காரர், சீட்டுக்குச் சிவப்புத் தோல்தான் வேண்டும் என்று என்னிடம் அடம்பிடித்துத் தைத்து வாங்கினாரே, அவர்தான். தன் கிளினிக் வாசலில் திரும்பியிருக்கிறார், வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, இடது பின் சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி அப்படியே உட்கார்ந்து மதிலில் போய் இடித்தது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பல் பிடுங்குகிற கை. உன் அப்பா முதலில் "ரோட்டுல பள்ளம் இருந்திருக்கும், இல்லன்னா அந்தம்மா திண்டுல ஏத்தியிருப்பாங்க" என்றுதான் சொன்னார், வண்டி பட்டறைக்கு வந்து ஜாக்கியில் ஏறும் வரைக்கும் அதையே சொன்னார். அடியில் படுத்து விளக்கைக் காட்டினார், பிறகு வெகுநேரம் வெளியே வரவில்லை. வெளியே நீட்டியிருந்த அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, மூச்சுப் போய்விட்டதோ என்று பயமாகிவிட்டது.

நீ நம்ப வேண்டுமே என்பதற்காக உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன். நான் தோல் தைக்கிறவள், எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்ல வரும். பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற கை, ஆர்ம் என்று நீங்கள் சொல்வது, வெளியே பார்த்தால் ஒரே கட்டி இரும்பு மாதிரி இருக்கும். இல்லை. இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி, தலையணை உறையின் இரண்டு பக்கத்தைப் போல ஒன்றோடொன்று சேர்த்து ஓரம் முழுக்கப் பற்றவைத்திருக்கிறார்கள். உள்ளே பஞ்சு கூடக் கிடையாது, வெறும் காற்று, எடை குறையத்தான் அப்படி. முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு தகட்டைக் குறுக்காக நிறுத்திப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருக்கிறார்கள், அந்தத் தகடும் வெளித் தகடும் சேருகிற மூலையில் ஈரம் தங்கும். தங்கக் கூடாது என்றுதான் அடிப்பக்கம் சுண்டுவிரல் கூட நுழையாத துளைகளை விட்டிருக்கிறார்கள். சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் எங்கேயாவது நுழையத்தான் செய்யும், நுழைந்தது வடிந்து போக அந்தத் துளைகள்தான் வழி. உன் அப்பாவுக்கு இது தெரியாதா? எல்லோருக்கும் முன்னால் தெரியும். ஆனால் பழைய கார் கண்காட்சிகளில் வண்டிக்கு அடியில் கண்ணாடி வைக்க ஆரம்பித்தார்களே, அன்றிலிருந்து அந்தத் துளைகள் அவர் கண்ணை உறுத்தின, முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது என்பார். ஒவ்வொன்றையும் பற்றவைத்து அடைத்தார், தேய்த்தார், பளபளப்பு என்று நாம் கூப்பிடுகிற நம் பெயிண்டர் மேலே பூசினார். "அண்ணே, வயித்துக்கே இவ்ளோ மேக்கப்னா மூஞ்சிக்கு நான் என்னத்தப் பூசறது" என்று பளபளப்பு சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, நானும் சிரித்தேன். கோப்பை கொடுத்தவர்கள் அந்த அடிவயிற்றைத்தான் விசேஷமாகப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த வண்டிக்காரர்கள் எல்லோருமே எனக்கும் அதே மாதிரி என்று கேட்டார்கள்.

டாக்டரம்மா வண்டியில் உடையாத வலது பக்க ஆர்ம் பார்க்கப் புதிது போல இருந்தது, கறுப்புப் பெயிண்டில் என் முகம் தெரிந்தது. அதைக் கழற்றி வைஸ் இடுக்கியில் மாட்டி நீளவாக்கில் அறுத்தார். பாதி அறுத்ததும் உள்ளிருந்து செங்கல் பொடி மாதிரி கொட்ட ஆரம்பித்தது, துருவும் மணலும். மணல் எப்படி என்று நான் கேட்டேன். பழைய பெயிண்டை எடுக்க இவர்களே காற்றில் அடித்த மணல்தான், துளை வழியாக உள்ளே போயிருக்கிறது, முழுதாகக் கொட்டிவிட்டதா என்று பார்க்காமல் மேலே அடைத்திருக்கிறார்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குறுக்குத் தகடு இருந்த இடத்தில் தகடே இல்லை, துருக்கறை மட்டும் இருந்தது. உன் அப்பா அந்தப் பொடியைக் கையால் கூட்டி ஒரு காகிதத்தில் எடுத்தார், எங்கே போடுவது என்று தெரியாதவர் போலக் காகிதத்தோடு நின்றார். அன்றைக்குப் பூட்டிய பட்டறையை அவர் இன்னும் வேலைக்குத் திறக்கவில்லை. உள்ளே போகிறார், உட்கார்கிறார், வருகிறார்.

மற்ற வண்டிக்காரர்களிடம் நான்தான் பேசினேன். சிலர் உடனே வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் "வேலை இல்லன்னு இப்படிக் கூப்பிடறீங்களாம்மா" என்று கேட்டார், அவரிடம் மறுபடி மறுபடி கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன், தனியாகத்தான். கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். விரல் பழையபடி மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். "எனக்குக் கோபம்னு இல்லம்மா, அவர் ஒரு தடவை வந்து எட்டிப் பாக்கலியே" என்றார். இதை நான் வந்து உன் அப்பாவிடம் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைக்கிறேன், அன்றிலிருந்து அவர் வாசல் பக்கமே போவதில்லை. எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு, துக்கம் வந்தால் எந்தப் புத்தகத்தையாவது எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். இப்போது ஒரு பக்கத்தை முடிக்க முடியவில்லை, எந்த வரியில் விரலை வைத்தாலும் உன் வண்டிதான் வருகிறது. இது சரியாகிவிடும் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றைக்கு நீ வைத்துவிட்ட பிறகு பட்டறைக்குள் போய் அவரிடம் கேட்டேன், பெற்ற மகளிடம் சொல்ல என்ன வெட்கம் என்று. "நான் மொதமொதல்ல அடச்சதே அவ வண்டியத்தாம்மா" என்றார். கண்ணு, இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. டாக்டரம்மாவின் வண்டிக்கும் முந்தியது உன்னுடையது. நீ ஊரை விட்டுப் போகும்போது தனக்குத் தெரிந்ததையெல்லாம் போட்டு உனக்கென்று செய்து கப்பலில் ஏற்றினாரே, அந்த வண்டியில்தான் அவர் தொடங்கினார். நீயோ மலைப் பாதையில் தினம் ஏறி இறங்குகிறாய், அங்கே ஓரத்தில் இருப்பது மதில் இல்லை, பள்ளத்தாக்கு. என்னை நம்ப வேண்டாம், நான் வந்தவள், உன் அப்பா வேலையைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று நீ நினைத்தால் அது நியாயம்தான். துணியைப் பிரித்து அந்தத் துண்டை நம்பு. டாக்டரம்மா வண்டியின் வலது கையில் அறுத்தது அது. ஒரு பக்கம் உன் முகம் தெரியும், திருப்பினால் விரல் உள்ளே போகும்.

சாவியை உன் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடு, நீ கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லிக் கொடு. பஸ்ஸில் போ, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ. ஒன்றே ஒன்று செய். பகலில் எனக்குப் போன் செய்துவிட்டு, நிற்கிற வண்டியின் பின் சக்கரத்துக்கு முன்னால் கையை விட்டு, தட்டுப்படுகிற அந்த ஆர்மை ஒரு ஸ்பேனரால் மெதுவாகத் தட்டு, போனைப் பக்கத்தில் பிடித்துக்கொள். சத்தம் கெடாத இரும்பு மாதிரி கணீரென்று வந்தாலும் வண்டியை எடுக்காதே, அது உனக்காக இல்லை. உன் அப்பா பேச மாட்டார். "அவளைத் தட்டச் சொல்லு, நான் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னார். இத்தனை நாளில் அவராக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நீ நூறு வயது இருக்க வேண்டும், அதில் ஒரு நாள் கூட எங்களால் குறையக் கூடாது.

சாவி, மறக்காதே.

உன்
சித்தி

பின்குறிப்பு: அந்தத் துண்டை நான் சுற்றும்போது உன் அப்பா வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார், அனுப்ப விடமாட்டாரோ என்று நினைத்தேன். திரும்பக் கொடுத்தபோது உள்ளே இருந்த துருவை அவர் தொட்டிருக்கவில்லை. அறுத்த விளிம்பை மட்டும் சுற்றிலும் அரத்தால் ராவியிருந்தார், உன் விரலைக் கீறாமல் இருக்க.