இழுத்த கைக்குரிய பங்கு

மழையில் நனைந்த வழக்குக் கட்டு ஒன்றை இன்று காலை குமாஸ்தா என் மேசையில் வைத்தார். நாடா தீர்ந்துபோனதால் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார். அந்த ஈர நாரின் வாசனையில் திருவொற்றியூர்க் கடற்கரை எழுந்து வந்தது, கூடவே நீங்களும்.

கல்மண்டபத்து மாலை வகுப்பில், வழக்கு வராத இளம் வக்கீலாக நான் ஆங்கிலம் எடுத்தேன். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காரும் நீங்கள் என்னைவிட மூத்தவர். நான் கடைசிவரை 'நீங்கள்' என்றேன். நீங்கள் முதல் நாளே 'மாமு' என்றீர்கள். பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும், வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தீர்கள். உடன் படித்தவர்கள் உங்களைப் பெரியப்பா என்றார்களாம். உங்களுக்குப் புத்தி வரவேண்டும் என்று உங்கள் மனைவி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியதையும் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

வகுத்தல் கணக்கு வராமல் சிறுவயதில் பள்ளியை விட்டவர் நீங்கள். அதே கணக்கு, கரையில் மீனைப் பங்கு போட்டபோது விளங்கிவிட்டது. "கை பட்டாத்தான் மாமு மண்டையில ஏறும்" என்பீர்கள். ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையே அதிலிருந்து பிறந்ததுதான்.

திருவொற்றியூர்ப் பள்ளியில் உங்கள் தகுதிகாண் பருவம் முடியும் தறுவாயில், நான்காம் வகுப்பைக் கரைவலை இழுக்க அழைத்துப் போனீர்கள். கயிற்றில் கைவைத்தவர் யாராயினும் அவருக்குப் பங்கு உண்டு. அதை வாங்க மறுப்பது வலைக்காரரை அவமதிப்பது. பிள்ளைகள் இழுத்தார்கள், மீனைத் தாங்களே வகுத்தார்கள், ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுவாரம், மாணவரைக் கூலிக்கு வேலை வாங்கியதாகப் புகார் வந்தது.

நான் யோசித்து ஆலோசனை சொன்னேன்: வலைக்காரர்கள் பிரியப்பட்டுக் கொடுத்தார்கள் என்று மட்டும் கூறுங்கள், பங்கு என்ற சொல் வேண்டாம், விசாரிப்பவர்கள் அதைக் கூலி என்றே கொள்வார்கள்.

"பிரியமா குட்த்தான்னா புள்ளைங்க இழுத்தது பொய்யாப் பூடும். அப்பால அதுங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது?" என்றீர்கள்.

விசாரித்த பள்ளித் தாளாளர் கடுமையானவர் அல்லர். யாரோ கொடுத்த மீன்தானே என்று அவரே வழிகாட்டினார். துணைக்கு வந்து கதவோரம் உட்கார்ந்திருந்த என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லீங்க ஐயா, அது அதுங்க பங்கு" என்றீர்கள். பணி நிரந்தரம் செய்யப்படவில்லை.

மீண்டும் வின்ச். ஞாயிறு பூசை முடிந்ததும் எர்ணாவூர்ப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போய்க் கணக்கு சொல்லிக்கொடுத்தீர்கள், சம்பளமின்றி. நிரந்தர ஆசிரியர் என்று எந்தப் பதிவிலும் இடம்பெறாமலே போய்விட்டீர்கள்.

இன்று ஒருவர் அதே நிலையில் வந்து நின்றாலும், அதே ஆலோசனையைத்தான் சொல்வேன். சட்டப்படி அதில் பிழை இல்லை. என்னை உறுத்துவதும் அதுதான்.

வேலை போன மறுநாள் என்னையும் கரைக்கு இழுத்துப் போனீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரக் கயிற்றில் நானும் கைவைத்தேன். உள்ளங்கை எரிந்தது. வலைக்காரர் ஒருவர் சங்கரா மீன் இரண்டை ஓலையில் சுற்றி நீட்டினார். எங்கள் வீடு சைவம். நான் தயங்குவதைக் கண்டு, "வேணான்னு சொல்லிடாத வக்கீலு, பேஜாராப் பூடும்" என்று காதோடு சொன்னீர்கள்.

வாங்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் மனைவி மூக்கைச் சுளித்து, இதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். யாரோ பிரியமாகக் கொடுத்தது என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"யாரும் கொடுக்கவில்லை," என்றேன். "இது என் பங்கு."