ஃபைலில் நான் ஒட்டிய அம்பு

அன்பு மயிலாத்தா,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இந்தத் தாள் எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளுக்கு வந்திருந்தால் நானே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். ஒரு 'ஞ' எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. நீ கண்மூடிய பிறகு, எழுதப் படிக்க ஆறு மாதமாகச் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். முன்பு நீ போர்டைப் படித்துச் சொல்லி நான் பஸ் ஏறுவேன். இப்போது நானே படித்து, நானே தப்பான பஸ்ஸில் ஏறுகிறேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் மகள் சுதாவுக்கு எட்டாம் மாதம். வளைகாப்புக் கட்டுச்சோறு விருந்து முடிந்து பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது, மோதிரம் கழலவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் "புள்ள நல்லாப் பூரிச்சிருக்குதுங்க" என்றார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியிலோ பிரஷர் கூடுதல், சிறுநீரில் புரதம் என்று சொல்லிப் படுக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள்.

ரத்த ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் மேலே பார்த்தபடி ஓர் அம்பு இருந்தது. அம்பு எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் பனியனில் எங்கே ஓட்டை, எங்கே கறை என்று பார்த்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியவன் நான்.

"ஏனுங் டாக்டரம்மா, இத ஆல்டர் பண்ணிச் சரியாக்கிரலாங்களா?" என்று கேட்டேன்.

"அப்பா, பேசாம உக்காருங்க" என்றாள் சுதா.

டாக்டரம்மா பொறுமைசாலி. "அது சி.ஆர்.பி.ங்க ஐயா. உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ரத்தத்துல அது கூடும். இந்த மாதிரி பிரஷர் வர்ற கர்ப்பத்துல நிறையப் பேருக்கு ஏறியிருக்கும். ஆனா சளி பிடிச்சாலும் ஏறும். அதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது."

"அப்ப எங்க கம்பெனி வாட்ச்மேன் மாதிரிங்க. விசில் மட்டும் அடிப்பான். எங்கடா சத்தம்னு கேட்டா தெரியாதும்பான்."

"அதேதான்" என்று சிரித்தார். மற்ற டெஸ்ட் பரவாயில்லை, பிரஷரும் மாத்திரையில் இறங்குகிறது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவர் போன பிறகு ஃபைலில் தமிழில் இருந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா ஒவ்வொரு சொல்லையும் எனக்கு முன்னால் முடித்துவைத்தார். "நீங்க சொல்லாதீங்க அம்மிணி, நானே வர்றேன்" என்றேன். வந்தேன். 'தாயாருக்குக் கர்ப்ப காலத்தில் வலிப்பு: இல்லை' என்று இருந்தது.

தாயார் என்றால் நீ. சுதா சொல்லி எழுதியது. அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு முன்னால் ஒன்று பிறந்ததும், உனக்கு ஜன்னி கண்டு வலிப்பு வந்ததும், அது தங்காமல் போனதும் நம் இருவரோடு நின்றுவிட்டது. "புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாமா, பயந்துக்கும்" என்றாய். இத்தனை காலம் காப்பாற்றினேன்.

வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. தப்பைக் கண்ட பிறகு உருப்படியைப் பெட்டியில் போடவும் கை வரவில்லை. பழைய ஸ்டிக்கர் சட்டைப்பையில் கிடந்தது. அந்த 'இல்லை'யைப் பார்த்து ஒன்றை ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா ஃபைலைத் திறந்தார். "யாரு இதுல அம்பு ஒட்டினது?" வார்டே என்னைப் பார்த்தது.

"நானுங்க. அங்க தப்பிருக்குதுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இது தெரியாம இன்னைக்கு அனுப்பியிருப்பேன் ஐயா. இவங்க இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி, 'இல்லை'யை அடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். "சொன்னது நீங்கதானே, எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நான் 'இருந்தது' என்று எழுதி முடிப்பதற்குள் அவர் இரண்டு கட்டில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் சொல் அது.

சுதா ஃபைலை வாங்கி அந்தச் சொல்லைப் படித்தாள். பிறகு, "அண்ணனாங்கப்பா, அக்காளா?" என்றாள். அண்ணன் என்றேன். "பேரு வெச்சீங்களா?" என்றாள். நாம் ஏன் வைக்கவில்லை, மயிலாத்தா?

மூன்றாம் நாள் மத்தியானம் பிரஷர் சர்ரென்று ஏறியது. அங்கேயே இருந்ததால் வலிப்பு வராமலிருக்க உடனே ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். பொடிசு. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். சுதாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது, என்னை அதட்டுகிறாள்.

பேத்தியைப் பார்க்கக் கைகழுவி நின்றேன். "தாத்தா, ஸ்டிக்கரை வெளிய வச்சுட்டு வாங்க" என்றாள் நர்ஸ். வைத்துவிட்டுப் போய் விரல், காது, மூக்கு எல்லாம் பார்த்தேன். ஓர் இடம்கூட ஒட்டுவதற்கு இல்லை.

வாக்கை உடைத்ததற்குக் கோபமா? கோபமென்றாலும் அடுத்த வாரம் எழுதுவேன். சுதா இரண்டு பெயர் யோசிக்கிறாள், ஒன்று மகளுக்கு, ஒன்று அண்ணனுக்கு. இரண்டையும் என் கையாலேயே எழுதி உனக்குச் சொல்கிறேன். 'ஞ' மட்டும் வேண்டாம் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

உன் மாமன்,
பழனிச்சாமி
(கைநாட்டு அல்ல)