வேளாங்கண்ணி நடையில் என் பேரை அடிக்கச் சொன்ன மகளுக்கு

ராயப்பேட்டை,
ஆகஸ்ட் 3

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கயல் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க எல்லாச் சாமியையும் கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று நான் சொன்னால் போதும், வயிறு எப்படி இருக்கிறது, இன்றைக்கு எத்தனை தடவை போனாய், மாத்திரை போட்டாயா என்று நீ ஆரம்பித்துவிடுவாய், நான் ஒன்று சொல்வதற்குள் நாலு சொல்வாய், அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன், காகிதம் குறுக்கே பேசாது. பக்கத்து வீட்டு ஹாஜிரா பீயின் அண்ணன் மகன் காஷிஃப் லீவு முடிந்து வியாழக்கிழமை டொரான்டோ திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் கயலுக்கு இரண்டு கவுனும் ரசப்பொடியும் கொடுத்து அனுப்புகிறேன். கவுன் கொஞ்சம் லூசாகத்தான் இருக்கும், வளர்கிற பிள்ளை, அதற்கும் ஏதாவது குறை சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோயில் பக்கத்தில் வேளாங்கண்ணிக்கு நடக்கிற எங்கள் குழுவுக்கு மாலை போட்டார்கள். பதினேழாம் தேதி கிளம்பினால்தான் இருபத்தொன்பது கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர முடியும். நானும் தலைக்குக் குளித்து, புதுக் காவிப் புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குழுவை நடத்துகிற சவரிமுத்து அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் பேரு அடிச்சிருக்குதேம்மா, உன் பொண்ணே ஃபாரின்ல இருந்து போன் போட்டுச்சு, உனக்கு இன்னாவோ குடல் வியாதி கீதாமே, அடிக்கடி வெளிய போவணுமாமே, நடுரோட்டுல எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது என்று உரக்கக் கேட்டார். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அதில் பாதி ஆண்கள். எட்டு வருஷமாக உன்னையும் அப்பாவையும் ஹாஜிரா பீயையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாமல் மறைத்து வைத்ததை நீ ஒரே போனில் ஊருக்குச் சொல்லிவிட்டாய். அவர் நம்பரை உனக்குக் கொடுத்தது அப்பா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவரோடு மூன்று நாள் பேசவில்லை. சாம்பாரில் உப்பு போட மறந்ததைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். நாலாம் நாள் வந்து, வேணும்னா ஆட்டோவிலேயே உன் பின்னாடி மெதுவா வந்துக்கினு இருக்கேன் என்கிறார். முந்நூறு கிலோமீட்டர் என் பின்னால் ஆட்டோ உருட்டுகிறாராம். உங்கள் இரண்டு பேருக்கும் நான் என்ன கண்ணாடிச் சாமானா?

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்குப் போனில் கேட்டாயே, என் பிரசவத்துக்கு ஒரு பிளேன் ஏறி வராத உனக்கு வேளாங்கண்ணி வரைக்கும் நடக்க மட்டும் தெம்பு வந்துடுச்சா என்று. நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன், முதலில் திட்டி முடிக்கிறேன்.

நீ டாக்டரைக் கேட்டாயா? சவரி அண்ணனைக் கேட்டாய். டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பெருங்குடலில் இருக்கிற இந்தப் புண் முழுசாக ஆறாது, அடங்கும், மறுபடி கிளம்பும், இப்போது ஏழு மாதமாக அடங்கியிருக்கிறது. ஜூன் மாதமே போய்க் கேட்டேன், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நடங்க, மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க, கண்ட தண்ணியைக் குடிக்காதீங்க, ரத்தம் தெரிஞ்சா அந்த இடத்திலேயே பஸ் ஏறித் திரும்பி வந்துடுங்க என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்த வாக்கை மாதாவுக்குக் கொடுத்த வாக்குக்கு மேலே வைத்திருக்கிறேன், போதுமா? மே மாதத்திலிருந்து காலையில் நம் வீட்டிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடக்கிறேன், இப்போது கொட்டிவாக்கம் வரை போய்ப் பஸ்ஸில் திரும்புகிறேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வாயெடுத்தால், வேணாம்மா ரிஸ்க்கும்மா என்று அழ ஆரம்பிக்கிறாய். இங்கே இருக்கிறவர்கள் இன்னொரு பக்கம், அவர்களிடம் வயிற்று வலி என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பாத்தா நல்லாத்தானே கீற, வெறும் கேஸா இருக்கும், மோர்ல வெந்தயம் போட்டுக் குடி என்பார்கள். படுத்துக்கொண்டே இருந்தால்தான் வியாதி என்று நம்புவார்களாம், நம்பிவிட்டால் எழுந்திருக்கவே விடமாட்டார்களாம். நடுவில் நான் எங்கே நிற்பது? துணிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது நான் எத்தனை தடவை பாத்ரூம் போனேன் என்று அந்த சூப்பர்வைசர் பலகையில் கோடு போட்டு வைத்தானே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு வேலையை விட்டவள்தான், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கு மண்டபத்தின் பாத்ரூம் எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் நான் போனதில்லை.

அதனால்தான் இந்தத் தடவை முன்கூட்டியே பார்த்து வைத்தேன். ஜூன் ஜூலையில் நாலு தடவை ஹாஜிரா பீயும் நானும் பஸ் பிடித்துப் போனோம், ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டாக, நாகப்பட்டினம் வரைக்கும். ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். எந்தப் பெட்ரோல் பங்க், எந்தக் கல்யாண மண்டபம், எந்தப் பஸ் ஸ்டாண்டு, தண்ணீர் வருமா, தாழ்ப்பாள் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், எல்லாம் இருக்கிறது, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இடம். ஒரு பங்க்கில் சாவி மேனேஜர்கிட்ட கீது, மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார் என்று பையன் சொன்னான், ஹாஜிரா பீ உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடித்த திட்டில் சாவி தானாக வந்தது. ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவ நானு, நான்கூட இவ்ளோ பாக்கலடீ என்று என்னைக் கேலி செய்தாள், ஆனால் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மரக்காணம் பக்கம் உப்பளத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பு, மறைவுக்கு ஒரு செடி கிடையாது, ஒதுங்குவதற்கு ஒரு சுவர் கிடையாது, ரொம்ப தூரத்துக்கு. அதற்காக வீட்டுக்கு வந்து இரண்டு பழைய காவிப் புடவையைச் சேர்த்துத் தைத்து, மேலே சுருக்குக் கயிறு கோத்து, குடைக் கம்பியை வளைத்துக் கட்டி, சுற்றிலும் மறைக்கிற மாதிரி ஒரு திரை செய்தேன். மடித்தால் தோள்பைக்குள் போய்விடும். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போதும்.

இந்த நோட்டு அன்றைக்கு என் பையில்தான் இருந்தது. பேரை அடித்துவிட்டேன் என்று சவரி அண்ணன் சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அப்படியே திரும்பி வந்திருப்பேன். அப்போதுதான் அவர் மேசையில் இருந்த நோட்டீசைப் பார்த்தேன். எந்த ஊரில் டீ, எந்த ஊரில் டிபன், எந்த ஊரில் ஆண்கள் குளிக்கப் பம்ப்செட் என்று பன்னிரண்டு நாளுக்கும் அச்சடித்திருந்தார். வந்த கோபத்தில் என் நோட்டை அதன் மேலே விரித்து வைத்து, அண்ணே இதுல பொம்பளைங்க எங்க போவாங்கன்னு போட்டிருக்கா என்று கேட்டுவிட்டேன். லேடீஸெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்கம்மா, இத்தினி வருஷமா பண்ணிக்கினுதானே கீறாங்க என்றார். எனக்குப் பின்னால் ஊரூர் குப்பத்து ஜெசிந்தா நின்றிருந்தாள், மீன் விற்கிறவள், ஒன்பது வருஷமாக நடக்கிறவள். அவள் வரிசையை விட்டு முன்னால் வந்து, இன்னா அட்ஜஸ்ட்டு தெரியுமா அண்ணே, காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம நடக்கிறோம், அதான் அட்ஜஸ்ட்டு, முந்தா வருஷம் கடலூர்ல எனக்குக் குளுகோஸ் ஏத்தினாங்களே, வெயில்னு நெனச்சீங்களா, நீர்க்கடுப்பு என்றாள். அவ்வளவுதான். பதினோரு பெண்கள் நோட்டைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி முதுகு வழியாக இன்னொருத்தி எட்டிப் பார்க்கிறாள். உப்பளத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டார்கள், பையிலிருந்து திரையை எடுத்துக் காட்டினேன். எனக்கு வியாதி, அதனால் தேடினேன் தமிழு. ஒரு வியாதியும் இல்லாதவர்கள் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வேலம்மா வரலைன்னா நாங்க தனியா நடக்கிறோம் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். சவரி அண்ணன் என் பேரைக் கடைசியில் மறுபடி எழுதி எனக்கும் மாலை போட்டுவிட்டார். இப்போது தினம் அவரே போன் போட்டு, செய்யூர் தாண்டி எங்க நிறுத்தலாம்மா என்று என்னைக் கேட்கிறார். இருந்தாலும் ஆறவில்லை. ஒரு பொம்பளை ரோட்டில் நடக்கிறதற்கு இவ்வளவு சண்டை போட வேண்டியிருக்கிறது, அதில் முதல் சண்டை பெற்ற மகளோடு.

இப்போது உன் கேள்விக்குப் பதில். உன் பிரசவத்தின்போது பாஸ்போர்ட் வரவில்லை, போலீஸ் விசாரணை இழுக்கிறது என்று சொன்னேன். பொய். உனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே பாஸ்போர்ட் வந்துவிட்டது, பீரோவில் கூரைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் போட்டுவிட்டால் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று காஷிஃப் சொன்னான். அப்போது எனக்கு வியாதி கிளம்பியிருந்த நேரம், ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. அத்தனை பேர் நடுவில் புடவையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ என்று பயந்தேன், உன் மாமியாருக்கு முன்னால் அந்த நிலையில் வந்து இறங்கவும் பயந்தேன். உன்னிடம் சொல்லவும் வெட்கம். உனக்கு வலி எடுத்தது என்று மாப்பிள்ளை போன் செய்த மத்தியானம் பெசன்ட் நகர் கோயிலில்தான் உட்கார்ந்திருந்தேன். பெத்தவ பக்கத்துல இல்ல, நீ போய் இரு, தாயும் பிள்ளையும் நல்லபடியா ரெண்டாப் பிரிஞ்சா உன் ஊருக்கு நடந்தே வரேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். என் வியாதி போக வேண்டும் என்று நான் நடக்கவில்லை. அதை அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகக் கயலுக்காக மாதாவிடம் வைத்த கடன் அது. இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து பன்னிரண்டு நாள் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டால், ஒரு நாள் பிளேனில் உட்கார எனக்குத் துணிச்சல் வரும் என்று தோன்றுகிறது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கயலுக்குக் காலில் சாக்ஸ் போட்டுவிடு, குளிர்காலம் வருவதற்குள் இருமல் கஷாயம் ஒரு தடவை கொடு. பதினேழாம் தேதி விடிகாலை கிளம்புகிறோம், போன் போட வேண்டுமென்றால் எனக்குப் போடு, சவரி அண்ணனுக்குப் போடாதே. நான் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தேன் என்று சொன்னதும் ஜனவரி மாதத்துக்கு எனக்கு ஒரு டிக்கெட் எடு. நடைபாதை ஓரத்து சீட்டு, பாத்ரூமுக்குப் பக்கத்தில். என் அம்மாவுக்கு இந்த வியாதி என்று அவர்களிடம் பெயரோடு சொல்லிக் கேட்டு வாங்கு. நாற்பது பேருக்குத் தெரியும்படி சவரி அண்ணனிடம் சொன்னவள்தானே, விமானக் கம்பெனியிடமும் சொல்.

இப்படிக்கு,
மாலை போட்டிருக்கும் உன் அம்மா
வேலம்மா