ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

மார்ச் 3
ஆறாவது முப்பரிமாணப் படப்பெட்டியும் முடிந்தது. கண்ணில் எதையும் மாட்ட வேண்டாம். சும்மா குனிந்து பார்த்தாலே இரட்டை ஸ்லைடு ஒரே படமாகி, மதில்மேல் பூனை நிஜமாக உட்கார்ந்திருக்கிறது. மரவேலை தங்கை, லென்ஸ் நான். வெள்ளிக்கிழமை கேமரா கடை முதலாளி வருகிறார். நூறு பெட்டி கேட்டாரென்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் பெரிய கும்பிடு.

மார்ச் 6
"என்னப்பா, ரெண்டு பூனை தெரியுது?" என்றார் முதலாளி. ஆறு பெட்டியிலும் ரெண்டு. கும்பிடு போட்டுக் கிளம்பியது அவர்தான்.

மார்ச் 7
பிடிபட்டது. இத்தனை நாளும் பெட்டியைப் பார்த்துச் சோதித்தது நானும் தங்கையும் மட்டும். எங்கள் இருவருக்கும் கருவிழிக்குக் கருவிழி ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்; குடும்ப வாகு. பெட்டியும் அந்த அளவுக்கே அமைந்துவிட்டது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அறுபதுக்கு மேல், அதுவும் ஆளுக்கொரு அளவு. யாருக்கென்று செய்வது? தினமும் ஊரார் கண்ணை ஸ்கேல் வைத்து அளந்தே சம்பளம் வாங்குகிறவன் நான்! தங்கை சிரித்துச் சிரித்து மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 19
தபால் அலுவலகத்தில் வேலை செய்கிற பெண் ஒருவர் கண்ணாடிக்கு வந்தார். அளந்தேன் — ஐம்பத்தெட்டு! பெட்டியைப் பற்றி ஏதோ உளறினேன். சாயங்காலம் தங்கையின் பட்டறைக்கே வந்து குனிந்து பார்த்தார். "மடியில குதிச்சிடும் போல இருக்குங்க." உலகத்தில் ஒருவருக்காவது தெரிந்ததே. சந்தோஷம் தாங்கவில்லை.

ஏப்ரல் 2
மறுபடி வந்தார். டீ வாங்கப் போன தங்கை ஒரு மணி நேரம் திரும்பவில்லை. எமகாதகி.

ஏப்ரல் 9
மறுபடி.

ஏப்ரல் 23
புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து தலைவலி என்று தபால் அலுவலகக்காரி இன்றுதான் சொல்கிறாள். திரும்ப அளந்தேன். அறுபத்துநான்கு. இன்னொரு தடவை. அதேதான். அன்றைக்கு நான் ஆசைப்பட்ட எண்ணைத்தான் ஸ்கேலில் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் பூனை?

"முதல் நாளே ரெண்டுதான் தெரிஞ்சுது" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா, மறுபடி வர்றதுக்கு என்ன சாக்கு?"

காது வரை சூடாகிவிட்டது எனக்கு. ஒரு மாதத் தலைவலி, பாவம்.

ஜூன் 14
எங்கள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள். ஒரு பெட்டியைப் பிரித்து, லென்ஸை மறுபடி தேய்த்து, அறுபத்துநான்குக்கு மாற்றி வைத்தேன். குனிந்து பார்த்தவள், "அட, ஒண்ணே ஒண்ணு" என்றாள். நிமிர மனமில்லாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள்.

எனக்கு ரெண்டு பூனை. மடியில் குதித்துவிடும் போலிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.