நீ பார்த்ததாகச் சொன்ன பறவைகள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ரப்பரை எடுத்து, நம் பறவை நோட்டில் ஒரு வரியின் ஓரத்தில் இருந்த உன் பெயரின் முதல் எழுத்தை அழித்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதியதுதான். ஆனால் யுத்த காலத்துக் காகிதம் அல்லவா, எழுத்து போவதற்குள் காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்திலும் உன் எழுத்தே தெரிந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

யார் பார்த்தார்களோ அவர் பெயரின் முதல் எழுத்தை ஓரத்தில் போட வேண்டும். பிறர் சொன்னதை எழுதக் கூடாது. அந்த விதியைப் போட்டவள் நீ. சென்னையில் கல்லூரி விடுதி ஜன்னலோரம் நாம் முதல் நோட்டைத் தொடங்கிய அன்றே போட்டாய். "இல்லேன்னா இது வெறும் ஊர்வம்புடி" என்றாய்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பறவைகள் எல்லாம் உன் பக்கம்தான். என் வீடு இருந்தது கடைத்தெருவுக்குப் பின்னால். காக்கை, குருவி, பக்கத்து வீட்டு முருங்கையில் தேன்சிட்டு, அவ்வளவுதான். உன் அண்ணன் வீட்டுக் கொல்லையோ கண்மாயில் போய் இறங்கியது. நீ பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு, நான் மட்டும் தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் உன் வாசலில் ஐந்து நிமிஷம் நிற்பேன். கழுத்தில் பைனாகுலருடன் நீ வருவாய். முக்குளிப்பான் நான்கு, நீர்க்காகம் இரண்டு, தாழம்புதர் ஓரம் ஒரு நாரை என்று நீ சொல்லச் சொல்ல நான் நின்றபடியே எழுதுவேன்.

ஒரு நாள் அரிவாள் மூக்கன் மூன்று என்றாய். இந்த மாதத்தில் வராதே என்று நான் தகராறு செய்தேன். "என் கண்ணால பாத்தேன்டி. ஒன் பொஸ்தகத்துக்காக அது வராம இருக்குமா?" என்று சிரித்தாய். தோற்றுப்போன சந்தோஷத்தோடு எழுதிக்கொண்டேன்.

ஆவணியில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய். அதன் பிறகு உன் வாசலைத் திரும்பிப் பாராமலே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன வாரம், மழை பெய்து கண்மாய் நிறைந்த மூன்றாம் நாள், உன் மதினி விளக்குமாற்றோடு தெருவுக்கே வந்து என்னை மறித்தார்.

"டீச்சரம்மா, கரண்டிவாயன் வந்துருச்சுங்க. ஏழு. சொல்றதுக்கு ஆளில்லாம ரெண்டு நாளா நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்களும் பார்ப்பீர்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நாந்தானே பாக்குறது. அந்தப் புள்ளைக்குக் கண்ணு எங்கிட்டுத் தெரிஞ்சுச்சு? மதுரை டாக்டரு கைய விரிச்சதுக்கப்புறம் மூணு வருசமா ஆளு நிக்கிறது நெழலாட்டம் தெரியும், அம்புட்டுத்தான். வாசத் தெளிச்சதும் நான் கொல்லப் பக்கம் போயிப் பாத்துட்டு வரணும். காலு என்ன நெறம், மூக்கு வளைஞ்சிருக்கா, எத்தனன்னு போலீசு மாதிரி கேக்கும். ஒரு நாளு வாத்த எண்ணிக்கிட்டு நின்னதுல பாலு பொங்கிப் போச்சு. எங்க வீட்டுல அவுக, 'நீ எனக்கு வாக்கப்பட்டியா, வாத்துக்கு வாக்கப்பட்டியா'ன்னாக." சொல்லிச் சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஒங்களுக்குத் தெரியாதுங்களா? ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குச்சு. போனதுக்கப்புறமாச்சும் சொல்லியிருக்கும்னு..."

போனபின் எப்படிச் சொல்லுவாய் என்று இருவருமே யோசிக்கவில்லை.

அன்று பள்ளியில் என்ன பாடம் நடத்தினேனோ தெரியாது. உன் அண்ணன்தான் உன்னை வேலையை விடச் சொன்னார் என்றாயே. அந்த மனிதரிடம் மூன்று வருஷம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்காக வழிவிட்டு ஒதுங்கிப் போவார்.

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. கொல்லையில் அருகருகே உட்கார்ந்திருப்போம். "நீ முதல்ல சொல்லு, சரியான்னு நான் பாக்குறேன்" என்பாய். பரீட்சை எழுதும் பெண்ணைப்போல நான் சொல்லுவேன். நீ பைனாகுலரைத் தூக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் தாமதித்து, "தேறிட்டடி" என்பாய். எதைப் பார்த்தாய் நீ? அப்போது காப்பி கொண்டுவரும் மதினி, "அங்கிட்டுப் புதருக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்கு" என்று ஆரம்பிப்பார். "சத்தம் போடாதீங்க மதினி, பறந்துரும்" என்று அதட்டுவாய். அதட்டியவள் நீ மட்டுமல்ல, நானுந்தான்.

ஏன் மறைத்தாய் என்று மதினியிடமே கேட்டேன். "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவ வாசல்ல நிக்கமாட்டா மதினின்னு சொல்லும்" என்றார்.

இருபது வருஷப் பழக்கத்தில் என்னை நீ எடை போட்டு வைத்திருந்தது அவ்வளவுதானா? நின்றிருப்பேன் என்று உரக்கச் சொல்ல ஆசைதான். தினமும் நின்றிருப்பேனா, பள்ளியின் முதல் மணி அடிக்கும் அவசரத்தில் நின்றிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்தான். அதற்காகவும் உன்மேல் கோபம் வருகிறது. என்னைக் கேட்டுப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டாய்.

கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேள் என்று நீ சொல்லித் தந்தது என்னோடு இருக்கிறது. விடியலில் கரிச்சான் கத்தினால் இப்போதும் கண்ணைத் திறக்காமல் கேட்கிறேன். அதுவும் எந்த வருஷத்தில் சொன்னாய் என்று யோசித்து, யோசிக்கப் பிடிக்காமல் எழுந்துவிடுகிறேன்.

யுத்தத்தில் நின்றுபோன நம் கல்லூரி ஆண்டு மலர் மறுபடி வரப்போகிறது. வீட்டைச் சுற்றி நாம் பார்த்த பறவைகளின் பட்டியலை இந்த மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார்கள். செய்தி வந்த அன்று நீ உயிரோடு இருந்தாய். "என் பேர முதல்ல போடுடி" என்றாய். போடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றப் போவதில்லை. முந்தைய வருஷங்களில் உன் பெயர் இருக்கும். கடைசி மூன்று வருஷத்தில் இராது. ஏன் என்று ஒரு வரி விளக்கம் எழுதியாக வேண்டும். எழுதுவேன். உன்னுடன் படித்தவர்கள் எல்லாரும் அதைப் படிப்பார்கள், நீ எதை மறைக்க அவ்வளவு பாடுபட்டாயோ அது அச்சில் வரும். இது துரோகம் என்றால் இருக்கட்டும். சத்தியம் செய்தவர் மதினி, நான் அல்ல.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை காலை அந்த வாசலில் நின்று, மதினி பார்த்ததை எழுதிக்கொள்ளலாமா என்று அவரைக் கேட்கப் போகிறேன். அவர் சரி என்றால், அவர் பெயர் என்ன என்றும் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது.